மட்டக்களப்பிலிருந்து என்.எம்.சி பதிவு: காசு எங்கே போகிறது, கோப்பு எங்கே நிற்கிறது

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ வேலை செய்யும் ஒரு தாதிய உத்தியோகத்தர் இங்கிலாந்துக்குப் போக நினைத்தால், அவர் முன்னால் இரண்டு சேவைகள் இருக்கின்றன. ஒன்று, லண்டனிலுள்ள தாதியர் மற்றும் மருத்துவமாதர் சபை, எல்லோரும் என்.எம்.சி என்று சொல்வது, ஒன்லைனில் நடத்தும் பதிவுச் சேவை. மற்றது, ‘எல்லாம் நாங்களே செய்து தருவோம்’ என்று ஊரில் விற்கப்படும் பக்கேஜ். இந்த விமர்சனம் முதலாவதைப் பற்றியது. இரண்டாவது ஏன் பெரும்பாலும் தேவைப்படாது என்பது போகப் போகத் தெரியும்.

என்.எம்.சியின் சேவை விலை கூடியது, ஆனால் நேர்மையானது. என்ன கேட்பார்கள், எதற்குப் புள்ளி, தவறினால் எத்தனை தடவை திரும்ப எழுதலாம் என்பதெல்லாம் முன்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கிறது. ஒஸ்கி எனும் செய்முறைப் பரீட்சையின் மாதிரி நிலையங்களும் புள்ளியிடும் அளவுகோல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் பக்கத்துக் கோப்புகள் பரீட்சை மண்டபத்தில் நிற்பதை விட, அதற்கு வெகுமுன்பே, இங்கேயே, பெயரில் நிற்பதுதான் அதிகம்.

முதலில் காசு. தகைமையை மதிப்பிட 140 பவுண், கணினிப் பரீட்சையான சி.பி.ரிக்கு 83, செய்முறைப் பரீட்சையான ஒஸ்கிக்கு 794, கடைசியில் பதிவுக்கு 153. கூட்டினால் 1170 பவுண். பணம் கட்டும் நாளில் சபையின் தளத்திலுள்ள தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பரீட்சை, விசா, பொலிஸ் அறிக்கை, மொழிபெயர்ப்பு எல்லாம் இதற்கு வெளியே. இந்தத் தொகையை ஒரே நாளில் கட்டத் தேவையில்லை. 140ஐக் கட்டிக் கணக்கைத் திறந்து, சி.பி.ரியைச் சித்தியடைந்து, ஆங்கிலப் பெறுபேற்றையும் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடலாம். பெரிய செலவான ஒஸ்கியை அங்கே போன பிறகுதான் செய்வார்கள், அதை என்.எச்.எஸ் எனும் அந்நாட்டு அரச சுகாதார சேவையின் பல ட்ரஸ்ட்டுகள், அதாவது வைத்தியசாலை நிர்வாகங்கள், தாங்களே கட்டுகின்றன. நியமனக் கடிதத்தில் அது எழுத்தில் இருக்கிறதா, இரண்டு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன் வாசியுங்கள்.

இங்கிலாந்தில் வேலை எடுத்துத் தருவதற்காக ஒரு ஏஜென்சி தாதியிடம் காசு வாங்குவது அந்த நாட்டின் சட்டத்துக்கே முரணானது. ஏஜென்சிக்கான கூலியை வைத்தியசாலைதான் கொடுக்கும். என்.எச்.எஸ் எம்ப்ளோயர்ஸ் அமைப்பு, நெறிமுறைப்படி ஆட்சேர்ப்புச் செய்யும் ஏஜென்சிகளின் பட்டியலைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. இலங்கையில் இயங்கும் ஏஜென்சியாக இருந்தால் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதைச் சரிபார்க்கலாம். ‘ஃபைல் ஓப்பன் பண்ண’ என்று ஒரு தொகை கேட்டால், திறக்கப்படுவது எந்தக் கோப்பு என்று கேளுங்கள். என்.எம்.சி கணக்கை உங்கள் இமெயிலில் நீங்களே திறக்கலாம். வேறொருவரின் இமெயிலில் திறந்தால் சபை அனுப்பும் கேள்விகள் உங்களுக்கு வந்து சேராது, பிறகு அந்தக் கணக்கை மீட்பது பெரும்பாடு. காசு கொடுக்கத் தகுந்தவை இரண்டுதான்: சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு, நல்ல ஆங்கில வகுப்பு.

இனிப் பெயர் விஷயம். இதை ஆறுதலாக வாசியுங்கள்.

நம் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர் முன்னால் முதலெழுத்தாக நிற்கும். சாதாரண தரச் சான்றிதழில் ‘த. நிரோஷா’, தாதியர் டிப்ளோமாவில் ‘தங்கராசா நிரோஷா’, கடவுச்சீட்டில் ‘நிரோஷா தங்கராசா’, கலியாணத்துக்குப் பிறகு மாற்றிய அடையாள அட்டையில் கணவனின் பெயரோடு இன்னொன்று. ஊரில் இந்த நாலும் ஒரே ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். லண்டனில் கோப்பைத் திறப்பவருக்கு இவர்கள் நான்கு பேர். முஸ்லிம் பெயர்களில் சிக்கல் எழுத்துக்கூட்டலில் வருகிறது. முகம்மது என்பதை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாகவும், பாத்திமாவை மூன்று நாலு விதமாகவும் எழுதுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பதால் மொழிபெயர்ப்பாளர் தன் காதுக்கு வந்தபடி ஒரு எழுத்துக்கூட்டலைப் போட்டுவிடுவார்.

இதற்கு மருந்து, கடவுச்சீட்டை அச்சாணியாக வைத்துக்கொள்வது. மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, அதே எழுத்துக்களைப் போடச் சொல்லுங்கள். கடவுச்சீட்டிலேயே பிழை இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைத் திருத்துங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை என்றால் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும், அது கடவுச்சீட்டுக்கும் முந்திய வேலை. இரண்டும் சரியாகி, பழைய சான்றிதழ்களில் மட்டும் முதலெழுத்து நின்றால், ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன’ என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி எடுங்கள். அதில் ஒவ்வொரு சான்றிதழிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளி, இடைவெளி பிசகாமல், ஆவண இலக்கத்தோடு எழுத வேண்டும். ‘பல பெயர்களால் அறியப்படுகிறேன்’ என்று பொதுவாக எழுதிய கடதாசியால் எந்தப் பிரயோசனமும் இல்லை. பிறந்த திகதியையும் அப்படியே ஒப்பிட்டுப் பாருங்கள். நாளும் மாதமும் இடம் மாறிய சான்றிதழ்கள் உண்டு.

பரீட்சைகளுக்குப் பதியும்போதும் இதே விதி. சி.பி.ரியை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் கணக்கிலுள்ள பெயர் கடவுச்சீட்டோடு ஒத்துப்போகாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கட்டிய காசும் போய்விடும். படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். கடவுச்சீட்டில் ‘சர்நேம்’ என்ற இடத்தில் எது இருக்கிறதோ, அது தகப்பன் பெயராக இருந்தாலும் சரி சொந்தப் பெயராக இருந்தாலும் சரி, அதுவே அந்தக் கட்டத்துக்கும் போக வேண்டும். ‘முறைப்படி’ யோசித்து மாற்றாதீர்கள்.

அடுத்தது உறுதிப்படுத்தல். டிப்ளோமாவை ஸ்கேன் பண்ணி ஏற்றினால் மட்டும் போதாது. நீங்கள் படித்த இடமும், பதிவு வைத்திருக்கும் சபையும் என்.எம்.சிக்கு நேரடியாக உறுதிசெய்ய வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறை தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று வருட டிப்ளோமா முடித்தவருக்கு அது கல்லூரி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் நாலு வருடப் பட்டம் எடுத்தவருக்கு அது பல்கலைக்கழகம். டிப்ளோமாவுக்குப் பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தவர்கள், தங்களைத் தாதியாகப் பதியவைத்த தகைமை டிப்ளோமாதான் என்பதை மறந்து பட்டத்தை முதலில் போடுகிறார்கள். அங்கே குழப்பம் தொடங்கும். பதிவுக்குக் காரணமான தகைமையை முதலிலும் பட்டத்தை மேலதிகமாகவும் காட்டுங்கள்.

கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய், எந்த உத்தியோகபூர்வ இமெயில் முகவரியிலிருந்து பதில் போகும், யார் அனுப்புவார் என்பதைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே விண்ணப்பத்தில் அந்த முகவரியைப் போடுங்கள். பழைய முகவரிக்குப் போன கேள்வி பதிலில்லாமல் கிடக்கும். நீங்கள் லண்டனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். தொகுதி இலக்கம், பயிற்சி தொடங்கிய திகதி, முடிந்த திகதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பதிவேட்டைத் தேடுபவருக்கு வேலை பாதியாகும். இலங்கைத் தாதியர் சபையின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். காலாவதியான பதிவுக்கு, பதிவு ஒழுங்காக இருக்கிறது என்று சபை தரும் நன்னிலைச் சான்று கிடைக்காது.

பொலிஸ் அறிக்கையைக் கடைசியில் எடுங்கள், அது பழசாகும் ஆவணம். மத்திய கிழக்கில் வேலை செய்தவர்களுக்கு அந்த நாட்டின் பொலிஸ் அறிக்கையும் கேட்கப்படலாம். அங்கே இருக்கும்போதே எடுத்து வருவது சுலபம், அக்கரைப்பற்றிலிருந்து அதை எடுப்பது மிகவும் கஷ்டம். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்படும் ஆவணம் இருந்தால் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, திருகோணமலையில் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது.

ஆங்கிலம். ‘நாங்கள் டிப்ளோமாவை ஆங்கிலத்தில்தானே படித்தோம்’ என்ற கடிதம் மட்டும் என்.எம்.சிக்குப் போதாது. இரண்டு ஆங்கிலப் பரீட்சைகளில் ஒன்றை எழுத வேண்டும். ஐஈஎல்ரிஎஸ் அக்கடமிக் என்றால் கேட்டல், வாசித்தல், பேச்சு ஒவ்வொன்றிலும் 7, எழுத்தில் 6.5. சுகாதாரத் துறையினருக்கான ஓஈரி என்றால் அந்த மூன்றிலும் பி, அதாவது 350, எழுத்தில் சி பிளஸ், அதாவது 300. ஒரே தடவையில் எல்லாம் வராவிட்டாலும் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு பெறுபேறுகளைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் இரண்டு தடவையும் நாலு பகுதியையும் எழுதியிருக்க வேண்டும், எந்தப் பகுதியும் தேவையான அளவிலிருந்து அரைப்படிக்கும் கூடுதலாகக் கீழே விழுந்திருக்கக்கூடாது. 2023இல் வந்த இந்தச் சலுகை நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. ஒரு பகுதியில் தவறியதற்காகப் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள்.

இரண்டில் எது என்றால், எங்கள் பரிந்துரை ஓஈரி. கட்டணம் கூடத்தான். ஆனால் எழுத்துப் பகுதியில் வருவது ஒரு நோயாளியின் குறிப்புகளை வைத்து எழுதும் கடிதம். நகரமயமாக்கம் பற்றிக் கட்டுரை எழுதுவதை விட, வீட்டுக்குப் போகும் நீரிழிவு நோயாளியைச் சமூகத் தாதியிடம் ஒப்படைக்கும் கடிதம் வார்ட்டில் நிற்பவருக்கு இயல்பாக வரும். 45 நிமிடத்தில் முதல் ஐந்து வாசிப்பதற்கு மட்டும். குறிப்பில் உள்ள எல்லாவற்றையும் கடிதத்தில் கொட்டுவதுதான் பொதுவான பிழை. பெறுபவருக்குத் தேவையில்லாத பழைய சத்திரசிகிச்சையை எழுதினால் சுருக்கத்துக்கான புள்ளி போகும், எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பந்தியில் இல்லாவிட்டால் நோக்கத்துக்கான புள்ளி போகும். வாசித்தலின் முதல் பகுதி 15 நிமிடத்தில் 20 கேள்வி. அதில் விளங்கிக்கொள்ள நிற்காமல் தேடி எடுக்கப் பழக வேண்டும்.

பேச்சில்தான் நம் பழக்கம் நமக்கு எதிராக நிற்கிறது. ‘ஒண்டுமில்ல, பயப்பிடாதீங்க, மருந்த ஒழுங்கா எடுங்க’ என்று வார்ட்டில் ஆறுதல் சொல்வது நல்ல மனதோடுதான். பரீட்சையில் அது நோயாளியின் பயத்தை மூடிவிடுவதாகக் கணக்கிடப்படும். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று முதலில் கேட்டு, கொஞ்சம் சொல்லி, விளங்கியதா என்று பார்த்து, பிறகு அடுத்ததைச் சொல்ல வேண்டும். ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு நடிப்புகள். ஒரு நண்பியை நோயாளியாக வைத்து ஒலிப்பதிவு செய்து கேட்டால், யார் அதிகம் பேசுகிறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

சி.பி.ரி பற்றி அதிகம் சொல்ல இல்லை. முதல் பகுதி 15 கணக்கு, 30 நிமிடம். இரண்டாவது 100 பலதேர்வு வினா, இரண்டரை மணித்தியாலம். கொழும்பில் எழுதலாம். கணக்கு எல்லாம் வார்ட் கணக்குத்தான். ஒரு லீற்றர் சேலைன் 8 மணித்தியாலத்தில், மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செட் என்றால், 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் பிரிக்க 41.67 வரும், 42 துளி. தவறுவது அலகில்: டிகொக்சின் 0.25 மில்லிகிராம் எழுதியிருக்கும், குளிசை 125 மைக்ரோகிராமாக இருக்கும். ஒன்றா இரண்டா என்று அவசரத்தில் பிசகும். முதலில் 250 மைக்ரோகிராம் என்று மாற்றி எழுதிவிட்டுப் பிரியுங்கள், இரண்டு. தவறினால் 10 நாளின் பின் தவறிய பகுதியை மட்டும் எழுதலாம். இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி நேரே பரீட்சைக்குப் போகாதீர்கள். முதல்நாளே போய் ஒரு இரவு தூங்குங்கள்.

இந்தப் பரீட்சையில் குறுக்கு வழி காட்டுபவரை அண்ட விடாதீர்கள். நைஜீரியாவின் இபாடான் நகரிலிருந்த ஒரு பரீட்சை நிலையத்தில் மோசடி நடந்தது 2023இல் வெளியே வந்து, அங்கே எழுதிய நூற்றுக்கணக்கானோர் மீது என்.எம்.சி விசாரணை நடத்தியது. ஏற்கெனவே பதிவு பெற்று வேலை செய்துகொண்டிருந்தவர்களும் அதில் அகப்பட்டார்கள்.

ஒஸ்கி பத்து நிலையங்கள். நாலு நிலையங்கள் ஒரே நோயாளியைச் சுற்றி: மதிப்பிடு, திட்டமிடு, செய், மீளாய்வு செய். நாலு கைத்திறன்கள், இரண்டு எழுத்து நிலையங்கள். கைத்திறனில் சிறுநீர்க் குழாயை அகற்றுவது, தசை ஊசி, தோலடி ஊசி, நீர்ச் சமநிலைக் கணக்கு, அழுத்தப் புண் மதிப்பீடு, உயிர்ப்பித்தல் போன்றவை வரும். நாற்பது நோயாளியை ஒரே ஷிப்ட்டில் பார்த்த கைக்கு இவை புதிதல்ல. புதிதாக இருப்பது, செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே செய்வதும், ஒவ்வொரு தடவையும் பெயர், பிறந்த திகதி, ஒவ்வாமை கேட்டுக் கைப்பட்டியோடு ஒப்பிடுவதும். நமக்கு மூன்றாம் கட்டில் அம்மாவைத் தெரியும். அங்கே தெரிந்தவர் என்று எவரும் இல்லை. மருந்து அட்டையில் அந்த நேரத்துக்குரியதை மட்டும் கொடுங்கள், ஒவ்வாமை இருந்தால் கொடுக்காமல் காரணத்தை எழுதுங்கள். பிழையாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு கிழித்துக் கையெழுத்து வையுங்கள், கறுப்பாக அடிக்கக்கூடாது.

நோயாளியின் நிலை மோசமாவதைப் புள்ளி போட்டுக் காட்டும் நியூஸ் இரண்டு என்ற அட்டவணையை இங்கேயே மனப்பாடமாகப் பழகுங்கள். ஒரு உதாரணம்: சுவாசம் 22, ஒட்சிசன் 94 சாதாரண காற்றில், மேல் இரத்த அழுத்தம் 105, நாடி 112, நல்ல விழிப்பு, காய்ச்சல் 38.2 செல்சியஸ். நம் வார்ட்டில் ‘காய்ச்சல்காரர், கொஞ்சம் இழைக்கிறது’ என்று போய்விடுவோம். புள்ளி போட்டால் சுவாசத்துக்கு 2, ஒட்சிசனுக்கு 1, சாதாரண காற்றுக்கு 0, அழுத்தத்துக்கு 1, நாடிக்கு 2, விழிப்புக்கு 0, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 7. 7 என்றால் அவசர அழைப்பு. எந்த ஒரு எண்ணும் தனியாகப் பயமுறுத்தாது, கூட்டுத்தொகைதான் பேசும். கூட்டிய பிறகு யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போனால் அதுவரை செய்ததும் வீண்.

விசாவில் போனவர் வேலை தொடங்கி 12 வாரத்துக்குள் முதல் ஒஸ்கியை எழுத வேண்டும், எட்டு மாதத்துக்குள் சித்தியடைய வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று தடவைதான். மூன்றும் தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் வேலையும் விசாவும் என்னவாகும் என்பது தெரிந்ததே. அதனால் ஒஸ்கிக்கு எத்தனை வாரப் பயிற்சி தருவீர்கள் என்பதை நேர்முகத்திலேயே கேளுங்கள். சம்பளத்தை விட அது முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. 2024 முதல் என்.எச்.எஸ்ஸின் வெளிநாட்டு ஆட்சேர்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. பதிவுக்கான தகுதி வேறு, வேலை வேறு. நகை அடகு வைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டிய காலம் இதுவல்ல. பெயர்த் திருத்தம், உறுதிப்படுத்தல், ஆங்கிலம் மூன்றும் எந்த நாட்டுக்கும் உதவும் வேலைகள், அவற்றை இப்போதே செய்யலாம். வளைகுடாவுக்குப் போனாலும் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் இதே டிப்ளோமா, இதே பதிவு, இதே அனுபவக் கடிதத்தை மூலத்திலிருந்து விசாரிக்கும். அனுபவக் கடிதத்தில் பதவி, தொடங்கிய நாள், முடிந்த நாள் மூன்றும் சம்பளப் பதிவோடு பொருந்த வேண்டும். இங்கிலாந்தில் பதிவு பெற்று 1800 மணித்தியாலம் வேலை செய்தவருக்கு, 2025 ஏப்ரலில் அவுஸ்திரேலியா திறந்த விரைவுப் பாதையும் இருக்கிறது.

அரச சேவையில் இருப்பவர்கள் நியமனக் கடிதம் வருவதற்கு முன்பே விடுமுறையைப் பற்றி யோசிக்க வேண்டும். சம்பளமற்ற வெளிநாட்டு விடுமுறைக்கு 2022இல் 14ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை வழி திறந்தது. இப்போது தாதியருக்கு எந்த நிபந்தனையோடு அது பொருந்துகிறது என்பதை உங்கள் வைத்தியசாலை நிர்வாகக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். கட்டாய சேவைக்காலம் மீதியிருந்தால் அதன் பிணைத் தொகையையும் கேளுங்கள். சொல்லாமல் போனால் பதவியை வறிதாக்கியவர் என்று கடிதம் வரும், பிறகு சேவைச் சான்றிதழுக்கு யாரிடமும் போக முடியாது.

ஒஸ்கி சித்தியடைந்து பதிவுக் கட்டணமும் கட்டியதும் ‘பின்’ (PIN) எனப்படும் உங்கள் பதிவு இலக்கம் வரும். அது வந்த அன்றே என்.எம்.சியின் பகிரங்கப் பதிவேட்டைத் திறந்து உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். கடவுச்சீட்டில் உள்ளதிலிருந்து ஒரு எழுத்து மாறியிருந்தாலும் உடனே எழுதித் திருத்துங்கள். அடுத்த நாட்டின் சபை பார்ப்பது அந்த வரியைத்தான்.